கேட்பவருக்கு இலவசம், வாசிப்பவருக்கு?

சித்திரை பிறந்து ஆவணி முடியும்வரை திருகோணமலையில் மழைக்குப் பயந்து மேடை போட வேண்டியதில்லை. ஐப்பசியில் இருண்டு மார்கழி, தை வரை கொட்டித் தீர்க்கும் வடகீழ்ப் பருவமழை மாசியோடு விலகிவிடும். பிறகு வானம் வெளித்துக் கடல் அடங்கும். கோயில் கொடியேற்றங்கள் அடுத்தடுத்து வருவதும், உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் நிரம்புவதும் இந்த மாதங்களில்தான். டச் பே கடற்கரையில் பின்னேரமானால் பிள்ளைகளோடு வந்து மணலில் குந்தியிருக்காத குடும்பம் நகரத்தில் குறைவு.

இந்தக் காலத்தில்தான் ஒரு பேச்சும் எழும். நியூயோர்க்கிலோ சிக்காகோவிலோ பூங்காப் புல்வெளியில் பெரிய இசைக்குழு வாசிக்க, ஆயிரக்கணக்கானோர் பாய் விரித்துப் படுத்துக்கிடந்து கேட்கும் காணொளியை யாராவது அனுப்புவார்கள். ஒரு சதம் கட்டணம் இல்லை. "எங்கட கடற்கரையிலும் இப்படி ஒரு சீசன் நடத்தினால் என்ன?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் புல்வெளிக் கச்சேரிகள் எதற்காகத் தொடங்கின என்பதைப் பார்க்காமல் மேடையையும் விளக்கையும் மட்டும் பார்த்தால், முதல் வருடத்தோடு முடிந்துபோகும் ஒரு விழாவைத்தான் நடத்துவோம். அவை ஏழைகளுக்குச் சங்கீதம் கொடுக்கும் தர்ம காரியமாக மட்டும் பிறந்தவை அல்ல. அவற்றின் வேரில் இருப்பது வேலையில்லாத வாத்தியக்காரனின் வயிற்றுப்பாடு.

1920களின் கடைசிவரை அமெரிக்க நகரங்களில் வாத்தியக்காரர் பலருக்குச் சோறு போட்டது சினிமாக் கொட்டகை. படம் ஊமை, திரைக்குக் கீழே இருந்து சிறிதும் பெரிதுமான வாத்தியக் குழுக்கள் வாசிக்கும். 1927க்குப் பிறகு பேசும் படம் பரவியது. இரண்டு மூன்று வருடங்களுக்குள் அந்த வேலை இல்லாமல் போனது. கூடவே 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் வந்து சேர்ந்தது. சிக்காகோ வாத்தியக்காரர் சங்கத்தின் தலைவராக அப்போது இருந்தவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. தானும் ஊதுகருவி வாசித்தவர், வாயும் கையும் நீண்டவர் என்று பெயரெடுத்தவர். நகரப் பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து கிராண்ட் பார்க்கில் இலவசக் கோடைக் கச்சேரிகளை அவர் தொடக்கி வைத்தார். முதல் கச்சேரி 1935 ஜூலை 1ஆம் திகதி நடந்தது. பொதுமக்களுக்கு இலவசம், வாசித்தவர்களுக்குச் சம்பளம். அந்த வரிசை இன்றும் ஒவ்வொரு கோடையும் நடக்கிறது, இன்றும் இலவசம்தான்.

பொஸ்டன் கதை வேறு மாதிரி. அங்கே சிம்பொனி இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ஆர்தர் ஃபீட்லர் 1929 ஜூலையில் சார்ள்ஸ் ஆற்றங்கரையில் மரக்கூடு ஒன்றைக் கட்டி இலவசக் கச்சேரி தொடங்கினார். 1940இல் அதே கரையில் நிரந்தரமான மேடைக்கூடு எழுந்தது. ஜூலை 4 இரவு அங்கே ஒரு பாரம்பரியம் உண்டு: கச்சேரியின் உச்சத்தில் உண்மைப் பீரங்கி வெடிப்பார்கள். எங்கள் பிரெட்ரிக் கோட்டையிலும் பழைய பீரங்கிகள் கிடக்கின்றன. அவற்றைச் சும்மா விடுவோம். இந்த ஊர் போதுமான வெடி கேட்டுவிட்டது.

நியூயோர்க்கில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் தெளிவான பாடம். அந்நாளைய அமெரிக்க இசைக்குழுக்களில் வாத்தியக்காரருக்கு வருடம் முழுவதும் சம்பளம் இல்லை. குளிர்கால சீசன் முடிந்தால் கோடையில் அவரவர் பாடு அவரவருக்கு. ஹோட்டலில் வாசித்தவர்களும் உண்டு, வேறு தொழிலுக்குப் போனவர்களும் உண்டு. 1964இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக் கலைஞர்கள் 52 வாரச் சம்பள ஒப்பந்தம் பெற்றார்கள். இனிக் கோடையிலும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்றானபோது, கோடையில் அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்ற கேள்வி நிர்வாகத்துக்கு வந்தது. அடுத்த வருடமே, 1965 ஓகஸ்ட் 10ஆம் திகதி, சென்ட்ரல் பார்க்கில் முதல் இலவசக் கச்சேரி. சுமார் 70,000 பேர் வந்தார்கள். 1986 ஜூலையில் அதே பூங்காவில் சுபின் மேத்தா நடத்திய கச்சேரிக்கு வந்தவர்கள் சுமார் 8 இலட்சம் என்கிறார்கள். அதைக் கேட்டு வாய் பிளக்கிறோம். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் சம்பள ஒப்பந்தத்தை யாரும் காணொளியில் காட்டுவதில்லை.

பெட்ரில்லோவின் கதைக்கு இன்னொரு கட்டம் உண்டு, அதுதான் எங்களுக்கு அதிகம் பொருந்துவது. 1940இல் அவர் முழு அமெரிக்க வாத்தியக்காரர் சம்மேளனத்துக்கும் தலைவரானார். வானொலியிலும் உணவகப் பாட்டுப் பெட்டியிலும் இசைத்தட்டு சுழல, மனிதன் வாசிப்பதற்குத் தேவை குறைந்துகொண்டே வந்தது. 1942 ஓகஸ்டில் அவர் ஒரே போடாகப் போட்டார்: சங்கத்து வாத்தியக்காரர் எவரும் இசைத்தட்டுக்கு வாசிக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட்டது. ஒவ்வொரு நிறுவனமாக இறங்கி வந்து, விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகையைக் கலைஞர் நிதிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டன. 1947இல் வந்த தொழிற்சட்டம் சங்கமே அந்த நிதியைக் கையாளுவதைத் தடுத்தது. 1948 முழுவதும் மறுபடி வேலைநிறுத்தம். கடைசியில் சங்கத்துக்கும் நிறுவனங்களுக்கும் வெளியே நிற்கும் அறங்காவல் நிதியொன்று அமைந்தது. அதன் விதி எளிது: நிகழ்ச்சி பொதுமக்களுக்கு இலவசமாக இருக்க வேண்டும், வாசிப்பவருக்கு உரிய ஊதியம் கிடைக்க வேண்டும். பதிவுசெய்த இசை சம்பாதித்ததில் ஒரு துளியை எடுத்து நேரில் வாசிக்கும் இசைக்கு வார்க்கும் வாய்க்கால் அது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இலவச வெளியரங்கக் கச்சேரி எங்களுக்குப் புதிதல்ல என்பதால்தான். பத்திரகாளி அம்மன் கோயில் வீதியிலோ கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைக்குப் போகும் ஏற்றத்திலோ நாதஸ்வரம் கேட்டவர் யாரும் நுழைவுச்சீட்டு வாங்கியதில்லை. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும்போது மேளம் வீட்டு வாசலுக்கே வருகிறது. காசு கொடுப்பவர் உபயகாரர். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்துக்கோ, ஒரு தெருவுக்கோ, ஒரு தொழிலாருக்கோ, ஓர் அலுவலக ஊழியருக்கோ உரியது. அன்றைய பூ, சாத்துப்படி, பிரசாதம், மேளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அடுத்த வருடமும் அதே நாள் அவர்களுடையதே. தகப்பன் செய்த திருவிழாவை மகன் விட்டுவிட மாட்டான். வெளிநாட்டில் இருந்தாலும் காசு அனுப்புவான். கலைஞருக்கு அட்வான்ஸ் முன்கூட்டியே போகும். யாழ்ப்பாணத்து அளவெட்டி, இணுவில் பக்கத்திலிருந்து பெரியமேளம் கேட்டு வர வேண்டுமென்றால் திகதி பல மாதங்களுக்கு முன்னரே பேசி முடிக்கப்பட்டிருக்கும்.

பூங்காக் கச்சேரிக்காரர்கள் நிதியும் ஒப்பந்தமும் போட்டு உண்டாக்கிய தொடர்ச்சியை உபய முறை நேர்த்திக்கடனைக் கொண்டு உண்டாக்கியிருக்கிறது. இதைப் பழைய வழக்கம் என்று ஒதுக்கிவிட்டு 'ஸ்பொன்சர்' தேடி ஓடும் எங்கள் விழாக் குழுக்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். ஸ்பொன்சர் ஒரு வருடம் பதாகை கட்டுவார், மறு வருடம் கையை விரிப்பார். உபயகாரர் அப்படிச் செய்ய முடியாது, ஊர் கேட்கும்.

ஆனால் உபய முறை காப்பாற்றுவது மேளத்தை மட்டும்தான். சாமி வீதி வலம் வந்து முடிந்தபின் மேடையில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரி வேறு கணக்கு. அதை நடத்துவது பெரும்பாலும் இளைஞர் மன்றம். காசு திரட்டுவது வீடு வீடாகவும் புலம்பெயர்ந்த சொந்தங்களிடமும். ஒரு காலத்தில் கோஷ்டி என்றால் மேடை நிறையப் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள்: டிரம்ஸ், தபேலா, கொங்கோ, கிற்றார், அக்கோடியன், வயலின், பாட்டுக்காரர் வேறு. ஈழத்துப் பொப் இசை கிளம்பிய காலத்தில் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களைத் தந்த ஊர் இது. கிற்றார் பிடிக்கத் தெரிந்த பெடியன் தெருவுக்கு ஒருவன் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

பிறகு ஊரடங்கு வந்தது, இரவுக் கச்சேரி நின்றது. போர் முடிந்து மேடைகள் திரும்பியபோது தொழில்நுட்பம் வேறாக இருந்தது. ஒக்டபாட் என்ற மின்தாளக் கருவி ஒன்று மூன்று தாளக்காரரின் இடத்தைப் பிடித்தது. கீபோர்ட் வயலினையும் புல்லாங்குழலையும் விழுங்கியது. இப்போது பென்டிரைவில் ட்ராக்கைப் போட்டுவிட்டுப் பாடகர் மட்டும் வந்து பாடும் நிகழ்ச்சிகளே அதிகம். அதற்கும் செலவு வேண்டாம் என்றால் டீஜே. பேசும் படம் வந்தபோது சிக்காகோவில் நடந்தது இங்கே எண்பது வருடம் தாமதமாக நடக்கிறது, அவ்வளவுதான். கடற்கரையில் சீசன் நடத்துவோம் என்று பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, மேடையில் ஏறி வாசிக்க ஊரில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதை.

சிம்பொனி இசைக்குழு என்ற ஒன்றைத் திருகோணமலைக்குக் கொண்டுவருவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1958இல் தொடங்கிய இலங்கைச் சிம்பொனி இசைக்குழு கொழும்பைத் தளமாகக் கொண்டது. அறுபது எழுபது பேரையும் அவர்கள் கருவிகளையும் ஒரு நாள் மேடைக்காக இங்கே ஏற்றி இறக்குவது ஒரு வருடத்துக்குச் சரி, சீசனுக்குச் சரிவராது. நகரத்துக் குழு நகரத்து ஆட்களால் ஆனதாக இருக்க வேண்டும்: நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், கிற்றார், கீபோர்ட், தேவாலயப் பாடகர் குழு, றபான் தட்டத் தெரிந்தவர்கள். மூன்று சமூகமும் வாழும் ஊரில் கோயில் வீதி எல்லோருடைய வீதியும் அல்ல, கடற்கரை எல்லோருடையது. வெசாக் நாளில் தெருவோர மேடையில் பக்தி கீதம் பாடும் பிள்ளைகளையும், நத்தாருக்குக் கரோல் பாடிக்கொண்டு வீடு வீடாக வரும் பிள்ளைகளையும் ஒரே மேடையில் ஏற்றக்கூடிய இடம் இந்த ஊரில் அதுதான்.

இனி ஒலி. திறந்தவெளியில் வாசிப்பது மண்டபத்தில் வாசிப்பதைப் போன்றதல்ல. மண்டபத்தில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பிக் கேட்பவரிடம் அனுப்பும். வெளியில் போன ஒலி போனதுதான். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபெல் குறையும். அதனால்தான் மேலைநாட்டுப் பூங்காக்களில் குழுவுக்குப் பின்னால் சிப்பி ஓட்டைப் போல வளைந்த கூடு கட்டினார்கள். பின்னுக்குப் போகும் ஒலியை அது முன்னுக்குத் தள்ளும். 2004இல் சிக்காகோவில் பிராங்க் கெரி வடிவமைத்த பிரிட்ஸ்கர் மேடை இதைவிட ஒரு படி மேலே போனது. புல்வெளி முழுவதற்கும் மேலே எஃகுக் குழாய்களால் பந்தல் பின்னி, அதில் ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டார்கள்.

அந்த ஒலிபெருக்கிகளில் ஒரு சூட்சுமம் உண்டு, அது எங்கள் திருவிழாச் சவுண்ட் செட்காரர்களுக்கும் பயன்படும். மின்கம்பி வழியாகப் போகும் பாட்டு எல்லாப் பெட்டிக்கும் ஒரே நொடியில் போய்ச் சேரும். காற்று வழியாக வரும் பாட்டு நொடிக்கு 350 மீற்றர்தான் நகரும். மேடையிலிருந்து 100 மீற்றர் தள்ளி நிற்கும் பெட்டி முந்திக்கொண்டு பாட, மேடையின் பாட்டு கால் நொடிக்கு மேல் பிந்தி வந்து அதோடு மோதும். வீதி நெடுகக் குழல் ஒலிபெருக்கி கட்டிய திருவிழாவில் ஒரு சொல்லும் விளங்காமல் போவது இதனால்தான். தூரத்துப் பெட்டியின் ஒலியை அந்தக் கால் நொடி தாமதித்து விட்டால் குழப்பம் தீரும். இன்றைய டிஜிட்டல் மிக்சர்களில் பெரும்பாலும் அதற்கு வசதி இருக்கிறது. சத்தத்தைக் கூட்டுவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள்.

நாதஸ்வரமும் தவிலும் இந்தக் கணக்குக்கெல்லாம் வெளியே. ஆச்சா மரக் குழலும் சீவாளியும் பலாமரத் தவிலும் வீதிக்கென்றே உருவானவை. மேளச்சமா சூடு பிடித்தால் நாலு தெரு தள்ளி இருப்பவருக்கும் கேட்கும். வயலின் அப்படியல்ல, கடற்காற்றின் ஈரம் அதன் ஒட்டுக்களுக்கு ஆகாது, மிருதங்கத்தின் தோலும் தளர்ந்து சுருதி இறங்கும். எந்த வாத்தியத்துக்கு மைக், எதற்கு வேண்டாம் என்பதை அறிந்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

காற்றும் நேரமும் அடுத்தவை. பகலில் கொதிக்கும் மணலுக்கு மேலே காற்று சூடாகி ஒலியை மேல்நோக்கி வளைத்துவிடும். பின்வரிசைக்கு ஒன்றும் வராது. பொழுதுபட்டு நிலம் ஆறத் தொடங்கியதும் வளைவு தலைகீழாகும், ஒலி தரையோடு தவழ்ந்து தூரம் போகும். மாலைக் கச்சேரிக்கு வெக்கை தணிவது மட்டும் காரணமில்லை. ஆனி, ஆடியில் இங்கே தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் காற்று வீசும். காற்று போகும் திசையில் ஒலியும் நன்றாகப் போகும்; எதிர்த் திசையில் அந்தரத்தில் எழுந்து மறைந்துவிடும். டச் பேயில் மேடையைத் தென்கோடியில் போட்டு வடக்கே கோட்டைப் பக்கம் பார்க்க வைத்தால் காற்றும் துணை நிற்கும், கூட்டமும் கரை நெடுக நீண்டு உட்காரலாம். மேடை அழகாகத் தெரிய வேண்டும் என்று கோட்டையைப் பின்னணியாக வைத்தால் படம் நன்றாக வரும், பாட்டு வராது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை என்று கட்டுப்படுத்தியது; விசேட நிகழ்வுகளுக்குத்தான் விலக்கு. விடிய விடியக் கச்சேரி கேட்ட தலைமுறைக்கு இது மனவருத்தம். எனக்கு வருத்தமில்லை. ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும் கச்சேரிக்குத்தான் பெண்களும் வயதானவர்களும் பிள்ளைகளும் வந்து, கேட்டு, வீடு போய்ச் சேர முடியும்.

கூட்டம் பற்றி யாழ்ப்பாணம் ஒரு பாடம் தந்திருக்கிறது. 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சி. முன்னால் காசு கொடுத்தவர்களுக்கு ஆசனம், பின்னால் மற்றவர்களுக்கு இலவசம், நடுவில் தடுப்பு. தடுப்புகள் தாண்டப்பட்டன, கூட்டம் ஆசனப் பகுதிக்குள் நுழைந்தது, நிகழ்ச்சி இடையில் நிறுத்தப்பட வேண்டி வந்தது. பிறகு எல்லோரும் இளைஞர்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒரே மைதானத்தில் ஒருவருக்குக் கதிரையும் இன்னொருவருக்கு வேலியும் வைத்த திட்டத்தைப் பற்றிப் பேசியவர் குறைவு. இலவசம் என்றால் முழுக்க இலவசமாக இருக்க வேண்டும், பிரமுகருக்கும் மணல்தான். அதே யாழ்ப்பாணத்தில் 2011இல் நோர்வே உதவியோடு தொடங்கிய இசை விழாவில் நாட்டின் பல பக்கத்து நாட்டார் கலைஞர்களையும் வெளிநாட்டுக் குழுக்களையும் மக்கள் அமைதியாக உட்கார்ந்து பார்த்தார்கள். நடத்தத் தெரியாத சனம் அல்ல நாங்கள். ஆனால் அந்த விழாவின் பணம் வெளியிலிருந்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கொடுக்கும் கை எப்போது மடங்கும் என்பது வாங்குபவர் கையில் இல்லை.

அப்படியானால் திருகோணமலையில் காசு எங்கே? சீசனால் இலாபம் பார்ப்பவர்கள் யார் என்று தேடினால் விடை கிடைக்கும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அறை நிரம்பும் விடுதிகள், வள்ளக்காரர், உணவகங்கள், முச்சக்கர வண்டிகள். இரவில் இந்த நகரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பயணிகள் குறைபடுவது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் போலவே ஆளுக்கு ஒரு மாலை என்று பிரித்துக்கொடுக்கலாம்: வைகாசிப் பறுவத்து, அதாவது பௌர்ணமி நாள், கச்சேரி விடுதிக்காரருடையது, ஆனிப் பறுவம் மீனவர் சங்கத்துடையது, ஆடி ஆசிரியர்களுடையது. பறுவ நாள் எப்படியும் விடுமுறை, வெளிச்சத்துக்கும் குறைவில்லை. ஐந்து மாதம், ஐந்து மாலை. ஒவ்வொரு மாலைக்கும் ஓர் உபயகாரர், அடுத்த வருடமும் அவரே.

உள்ளூராட்சி சபைக்கும் ஒரு வழி இருக்கிறது. நுழைவுச்சீட்டு விற்கும் காட்சிகளுக்குச் சபைகள் களியாட்ட வரி அறவிடுகின்றன. வெளியூரிலிருந்து வந்து மைதானத்தில் சீட்டு விற்றுப் பாடிவிட்டுப் போகும் நிகழ்ச்சிகளிலிருந்து கிடைக்கும் அந்த வரியில் ஒரு பங்கை உள்ளூர் வாத்தியக்காரரின் ஒத்திகைச் சம்பளத்துக்கு என்று ஒதுக்கினால், 1948இல் அமெரிக்காவில் செய்ததைத்தான் சின்ன அளவில் செய்கிறோம். ஒத்திகைச் சம்பளம் என்று அழுத்திச் சொல்கிறேன். கச்சேரி நாளுக்குக் கூலி கொடுக்க எல்லோரும் முன்வருவார்கள். அதற்கு முந்திய மூன்று வார மாலைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் விசிறியடியில் இருந்து பழகியதற்கு யாரும் கொடுப்பதில்லை. அது இல்லாவிட்டால் வாத்தியக்காரர் அந்த மாலைகளில் ட்யூஷன் கொடுக்கப் போவார், கச்சேரிக்குப் பென்டிரைவோடு வருவார். சபையின் தீர்மானத்தில் இரண்டு நிபந்தனை எழுதினால் போதும்: வாசலில் பணம் வாங்கக் கூடாது, மேடையில் ட்ராக் போடக் கூடாது.